கைவிடப்பட்ட மட்டக்குதிரையை ஏற்று வளர்த்தல்: நாங்கள் கடந்து வந்த வழி

உதகமண்டலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மட்டக்குதிரைகள் கவனிப்பாரின்றிச் சாலையோரம் நிற்பதை மலைக்கு வந்துபோன பலர் கண்டிருப்பார்கள். கோடைப் பருவத்தில் பிள்ளைகளை முதுகில் ஏற்றிச் சுற்றிவந்த குதிரைகள், கூட்டம் குறைந்த மாதங்களிலும், வயதான பிறகும், காலில் காயம் பட்டுவிட்டாலும், தம் வயிற்றைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடப்படுகின்றன. காய்கறிக் கழிவோடு நெகிழிப் பையையும் சேர்த்துத் தின்று அவை மெலிகின்றன. அப்படி மெலிந்த ஒரு செந்நிறப் பெண்குதிரையைக் கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்து, செவலை என்று பெயரிட்டு வளர்த்து வருகிறோம். இப்படி ஒரு குதிரையை ஏற்க எண்ணுபவர்களுக்கு உதவும் என்பதால் அந்த வழியை விரிவாக எழுதுகிறேன். அதன் கடினமான பகுதி, அள்ளிக் கொடுக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதுதான்.

முதலில் ஆவணங்கள். காவல் துறை வழக்குப் பதிந்து கைப்பற்றிய விலங்காக இருந்தால், அது வழக்குச் சொத்து ஆகிவிடும். வழக்கு முடியும் வரை அதன் பராமரிப்பு 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி நடக்கும். செவலையின் உரிமையாளர் தாமாகவே விட்டுக்கொடுக்க முன்வந்ததால், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு முத்திரைத்தாளில் ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதி வாங்கினோம். குதிரை தேறி நன்றாக நிற்கும்போது திரும்பக் கேட்கும் மனம் யாருக்கும் வரலாம் என்பதால், இந்தக் கடிதம் இல்லாமல் எந்த விலங்கையும் ஏற்காதீர்கள் என்றே சொல்வேன். விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் அளிக்கும் சான்றும் வண்டியில் உடன் இருக்க வேண்டும்.

வந்தவுடன் அவளை வேறு எந்த விலங்கோடும் சேர்க்காமல் தனிக் கொட்டகையில் வைத்தோம். குதிரை இனத்தைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் நோய் மனிதர்களுக்கும் பரவக்கூடியது. நோய் உறுதியானால் அந்த விலங்கைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. கால்நடை மருந்தகத்தில் எடுத்த இரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போய் முடிவு வரும் வரை, அவளுக்கென்று தனி வாளி, தனிக் கயிறு, கையுறை என்று இருந்தோம். அந்த நாள்களில் அவளைத் தடவிக் கொடுக்கக்கூட முடியாமல் கதவுக்கு அப்பால் நின்றது எனக்குப் பெரும் துயரமாக இருந்தது. நோய் இல்லை என்று முடிவு வந்த அன்று வீட்டில் விளக்கேற்றினோம்.

இனி உணவைப் பற்றி. குதிரையின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக்கே அளவுகோல் என்று ஒன்று உண்டு. செவலைக்கு மருத்துவர் 2 தான் கொடுத்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முதுகெலும்பு கத்தி முனைபோல் துருத்தி நின்றது. செய்தி அறிந்து பார்க்க வந்த பழைய குதிரைக்காரர் ஒருவர், "தம்பி, நல்லா வேகவெச்ச கொள்ளும் தவிடும் வயிறு நிறையக் குடுங்க, ஒரே மாசத்துல தேறிடும்" என்றார். அன்போடு சொன்ன பேச்சுதான். ஆனால் நீண்ட நாள் பட்டினி கிடந்த குதிரைக்கு அதுவே எமனாகிவிடும் என்று மருத்துவர் முன்பே விளக்கியிருந்தார். பட்டினியில் உடலின் பாஸ்பரஸ், மக்னீசியம் இருப்புகள் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த தீனி உள்ளே போனால் இன்சுலின் திடீரென உயர்ந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அந்தச் சத்துகளையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இதயமும் மூச்சும் தடுமாறி, வயிறு நிறைந்த குதிரை சில நாள்களுக்குள் இறந்துவிடக்கூடும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், மாவுச்சத்துக் குறைந்த லூசர்ன் உலர்தீவனமே பாதுகாப்பானது என்று கண்டார்கள். நம் ஊர் விவசாயிகள் குதிரைமசால் என்று வளர்ப்பது அதைத்தான். முழு அளவுக் குதிரைக்கு முதல் சில நாள்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ அரைக் கிலோ, பிறகு படிப்படியாக அளவைக் கூட்டி வேளைகளைக் குறைப்பது, பத்து நாள்களுக்குப் பிறகே விரும்பிய அளவுக்கு விடுவது என்பது முறை. செவலையின் எடைக்கு ஏற்ப மருத்துவர் அதைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பசும் தீவனமாக வந்ததை நிழலில் உலர்த்தி, தராசில் நிறுத்து, இரவிலும் முறைவைத்து எழுந்து கொடுத்தோம். கொடுத்ததை நொடியில் முடித்துவிட்டுக் காலித் தொட்டியை நக்கியபடி அவள் நம் முகத்தைப் பார்க்கும்போது, இன்னும் ஒரு பிடி போட்டால் என்ன என்று மனம் கெஞ்சும். அந்த ஒரு பிடியைப் போடாமல் இருப்பதற்குத்தான் வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

எடை பார்க்கும் மேடை மலையில் எங்கே கிடைக்கும்? மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, அதை உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் தோராயமான எடை கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். தையல்காரரின் அளவு நாடா ஒன்று இன்றும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

தேறத் தொடங்கிய பிறகு மேய்ச்சலுக்கு விட்டபோது வேறொரு கவலை வந்தது. நீலகிரியெங்கும் பரவிக் கிடக்கும் கிக்கியூ புல் பார்ப்பதற்குப் பசுமையாக, அடர்த்தியாக இருக்கும். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட்டுகள் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், அது குதிரையின் உடலில் சேர்வதில்லை. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவத் தொடங்கும். குதிரை நொண்டும், முக எலும்பு வீங்கும். கிக்கியூ மேய்ச்சலை நம்பி மலையில் குதிரை வளர்ப்பவர்கள் தவிட்டை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலையும் மருத்துவர் சொல்லும் தாது உப்பையும் நாள்தோறும் சேர்ப்பது நல்லது. வேலியோரத்து அரளியையும் உண்ணிச்செடியையும் வேரோடு அகற்றிய பிறகே அவளை அவிழ்த்து விட்டோம்.

பல்லும் புழுவும் எளிதில் முடிந்தன. குதிரையின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டே வருவதால், தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அவற்றை அரத்தால் தேய்த்துச் சமன்செய்த பிறகு அவள் புல்லைப் பாதி மென்று துப்புவது நின்றது. குடற்புழு மருந்தை முதல் நாளே கொடுக்காமல், உடல் சற்று தாங்கும் நிலைக்கு வந்த பிறகு, லத்தியைப் பரிசோதித்துக் கொடுத்தோம். டெட்டனஸ், வெறிநோய்த் தடுப்பூசிகளும் போட்டாயிற்று.

குளம்புதான் நெடுநாள் வேலை. அவளுடைய முன்னங்கால் குளம்புகள் நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யக் கூடாது. அந்தக் கோணத்துக்குப் பழகிவிட்ட தசைநாண்கள் தாங்க மாட்டா. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்வதால், முன்பக்கச் சுவர் முழுவதும் புதிதாக வர ஓராண்டு வரை பிடிக்கும். பந்தயப் பருவத்தில் உதகைக்கு வந்து பழகிய லாடம் அடிப்பவர் ஒருவர், சில வாரங்களுக்கு ஒரு முறை வந்து சிறிது சிறிதாகச் சீவிக் கொடுத்தார். 2024-இல் பந்தயத் திடல் நிலத்தை அரசு மீட்டுக்கொண்ட பிறகு அவர் மலைக்கு வருவது அரிதாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஓரங்களை அரம் போடும் அளவுக்காவது வளர்ப்பவர் கற்றுக்கொள்வது அவசியம். நாங்கள் அவரிடமே கற்றுக்கொண்டோம். தென்மேற்குப் பருவமழையில் ஈரத் தரையில் நின்றால் குளம்பின் அடி அழுகும் என்பதால், கொட்டகைத் தரையை மேடாக்கிக் கல் பாவி, மரத்தூள் பரப்பியிருக்கிறோம். சிறுத்தை நடமாட்டம் உள்ள பகுதி இது. இருட்டுவதற்குள் எல்லா உயிர்களும் கூரையும் கதவும் உள்ள இடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதில் ஒருநாளும் தளர்வு கிடையாது.

உடல் தேறிய பிறகும் அவள் தனியாகவே நின்றாள். குதிரை கூட்டமாக வாழும் இனம். மனிதர் எத்தனை நேரம் கூட இருந்தாலும் அந்தக் குறை தீராது. வயதான கழுதை ஒன்றைச் சுமையிலிருந்து விடுவிக்க அதன் உரிமையாளர் மனம் வைத்தபோது, அதையும் ஏற்றுக்கொண்டோம். அதற்கு வெள்ளையம்மா என்று பெயர். கழுதையின் உடலில் நுரையீரல் புழு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துகொண்டு குதிரைக்குப் பரவும் என்பதால், பரிசோதனையும் மருந்தும் முடிந்த பிறகே இரண்டையும் வேலிக்கு இருபுறமும் நிறுத்தினோம். சில நாள்கள் மூக்கை நீட்டி மோந்து பார்த்துக்கொண்டார்கள். வேலியைத் திறந்த பிறகு செவலை வெள்ளையம்மாவின் பிடரியைப் பல்லால் கோதிவிடத் தொடங்கினாள். அதைக் கண்ட மகிழ்ச்சிக்கு ஈடாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கழுதைக்குக் குதிரையைவிடக் குறைவான தீனியே போதும். வளமான தீவனம் கிடைத்தால் விரைவில் கொழுத்துவிடும். கொழுத்துவிட்டது என்று திடீரெனப் பட்டினி போட்டாலோ இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மட்டக்குதிரைக்கும் இது பொருந்தும். ஆகவே தீனி நேரத்தில் இருவருக்கும் தனித்தனி இடம். தெருவிலிருந்து வந்த மணி என்ற நாய், முதல் மாதங்கள் முழுவதும் கயிற்றில் கட்டப்பட்ட நிலையில்தான் குதிரையைப் பார்த்தது. இப்போது உலர்புல் கட்டுகளின் மேல் எங்கள் பூனையோடு படுத்துக்கொள்கிறது.

மட்டக்குதிரைகள் நல்ல பராமரிப்பில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழ்கின்றன, கழுதைகளும் அப்படியே. பல்லைப் பார்த்துச் செவலைக்குப் பதினைந்து வயதுக்குள் இருக்கும் என்று மருத்துவர் கணித்தபோது, எங்கள் வயதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. எங்களுக்கு முடியாத நாளில் யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். என் தங்கை மகன் ஒப்புக்கொண்டு, குளம்பு அரம் பிடிப்பதையும் தீனிக் கணக்கையும் கற்றுக்கொண்ட பிறகே வெள்ளையம்மாவுக்கான கடிதத்தில் கையெழுத்திட்டோம். அதில் அவன் பெயரும் இருக்கிறது.