சதவீதம் சொல்லாத ஆபத்து

கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்து எடுத்த படிமங்கள், அதாவது தமனிச் சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டுகள், எங்கள் ஆய்வகத்துக்குப் பனிக்கட்டியில் வந்து சேரும். கூடவே வரும் படிவத்தில் அடைப்பு எத்தனை சதவீதம் என்று குறித்திருப்பார்கள். 80 என்று குறித்த படிமம் சில சமயம் கல்லாக இறுகியிருக்கும். கத்தி வைத்தால் சுண்ணாம்பு நொறுங்கும். அந்த நோயாளிக்குப் பக்கவாதத்தின் அறிகுறியே இருந்திருக்காது. 60 என்று வந்த இன்னொன்று, இடுக்கி பட்டதுமே கிழிந்து மஞ்சள் கூழைக் கக்கும். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை சில நிமிடங்கள் மறைந்து மறைந்து திரும்பியிருக்கும்.

கூழுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது கொலாஜன் இழைகளாலான மெல்லிய உறை. மென்தசைச் செல்கள் அதைக் கட்டுகின்றன. படிமத்துக்குள் புகுந்த மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் எம்.எம்.பி. (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) நொதிகள் அதை அறுக்கின்றன. அறுப்பதன் கை ஓங்கினால் உறை மெலிந்து கிழியும், அங்கே ரத்தம் கட்டும், கட்டி உடைந்து மூளைக்குப் போகும். இந்த அறுப்பு படிமத்தின் தோள் பகுதியில்தான், அதாவது அது சாதாரணச் சுவரோடு சேரும் ஓரத்தில்தான், மும்முரம் என்று 1994இல் காலிஸ், லிப்பி ஆய்வுக் குழுவினர் மனிதத் திசுவிலேயே காட்டினார்கள்.

நாங்கள் செய்வது ஜெலாட்டின் ஜெல் சோதனை. மாதிரியை ஜெலாட்டின் கலந்த ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டி, ஜெல்லை இரவு முழுவதும் 37 டிகிரியில் வைத்துவிட்டு, காலையில் நீலச் சாயம் ஏற்றினால் நொதி தின்ற இடம் மட்டும் வெளிறித் தெரியும். 92 கிலோடால்டன் மூலக்கூறு எடையில் பட்டை பளிச்சென்று விழுந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உற்சாகம் தாங்காது. பொறுங்கள் என்பேன். அது எம்.எம்.பி.-9 என்ற நொதியின் செயல்படாத முன்வடிவம். ஜெல்லில் நாம் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் அதை விரித்துச் செயல்பட வைத்துவிடுகிறது. உடலில் அதைக் கட்டிப்போட்டிருந்த டிம்ப் புரதமும் ஓட்டத்தில் பிரிந்துவிடுகிறது. சற்றுக் கீழே, செயல்படும் வடிவத்தின் இன்னொரு பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமானது, உறைந்த திசுச் சீவலை ஒளிரும் ஜெலாட்டின்மேல் வைத்து, எந்த இடத்தில் அறுப்பு நடக்கிறது என்று நேராகக் காண்பது.

ரத்தத்தில் எம்.எம்.பி.-9 அளந்தால் போதாதா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். சாதாரணத் தொற்றிலும் அது ஏறும். எந்தத் தமனி என்றும் சொல்லாது.

படிமம் முழுவதையும் ஒன்றாக அரைப்பதை நான் அனுமதிப்பதில்லை. தோளின் கதை சுண்ணாம்பில் கரைந்துவிடும். மேக்ரோபேஜ்கள் பெரும்பாலும் ரத்தம் வந்து மோதும் பக்கத்தில் கூடுவதால், அந்த முனையில் ஒரு தையல் முடிச்சுப் போட்டு அனுப்பும்படி அறுவை அரங்கில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.