சினகாந்தான் வீட்டுப் பீடங்களைப் படமெடுக்க அனுமதி வாங்கிய அனுபவம்

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சாமுலா, சினகாந்தான் இரண்டுமே சோட்சில் என்ற மொழி பேசும் மாயா மக்களின் ஊர்கள். இரண்டு ஊர் தேவாலயங்களுக்குள்ளும் படமெடுக்கத் தடை. சாமுலாவில் வாங்கும் நுழைவுச்சீட்டு உள்ளே போய்ப் பார்ப்பதற்கு மட்டும்தான். பொது இடத்திலேயே இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் கும்பிடும் பீடத்தைப் படமெடுக்க யாரிடம், எப்படிக் கேட்பது?

போகும் முன் அந்த மக்களே எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். 1992-ல் கார்லோட்டா துவார்த்தே தொடங்கிய சியாபாஸ் புகைப்படத் திட்டம் மாயா மக்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்தது. சாமுலாவைச் சேர்ந்த மாருச் சாந்திஸ் கோமெஸ் அதில் பங்கேற்றவர். அவர் படங்கள் பலவற்றில் சீப்பு, துடைப்பம் மாதிரி வீட்டுச் சாமான்கள் இருக்கும். எதைக் காட்டலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர்களே முடிவு செய்ததைப் பார்த்தது எனக்குப் பெரிய பாடம்.

சினகாந்தானில் நெசவு செய்து விற்கும் ஒரு வீட்டுக்குச் சில முறை போய்ப் பழகிய பிறகே பேச்சை எடுத்தேன். ஸ்பானிஷ் தெரிந்த மகள் உடனே "எடுத்துக்கோங்க" என்றார். அதோடு வேலையை ஆரம்பித்திருக்கலாம். ஆனால் பீடத்துக்குப் பூ மாற்றுவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் பாட்டி. அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். பாட்டிக்கு சோட்சில் மட்டும்தான் தெரியும். படத்தை யார் பார்ப்பார்கள், எங்கே மாட்டுவீர்கள் என்று மகள் மூலமாகக் கேட்டார். அப்புறம், முதலில் கேமரா இல்லாமல் வாருங்கள் என்றார்.

போனேன். தரையில் பைன் இலைகள் பரப்பியிருந்தார்கள். கோபல் பிசின் புகை நம் சாம்பிராணி மாதிரி அறை முழுக்கச் சூழ்ந்திருந்தது. மேசை மேல் சிலுவை, புனிதர் படங்கள், பூக்கள், நடுவில் மினுக்கும் சீரியல் விளக்கு. பாட்டி நெடுநேரம் மண்டியிட்டு வேண்டினார். முடிந்ததும் போஷ் என்ற கரும்புச் சாராயம் வயதில் மூத்தவரிலிருந்து வரிசையாகச் சுற்றி வந்தது. அன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை.

அதன் பிறகுதான் பாட்டி தன் நிபந்தனைகளைச் சொன்னார். பீடத்தை எடுக்கலாம், ஆனால் கண்காட்சிக்கு மட்டும். அவர் பிரார்த்தனை செய்யும்போது எடுக்கக் கூடாது. இறந்த கணவரின் படம் எதிலும் விழக் கூடாது. சரி என்று மகள் முன்னிலையில் எழுதிக் கொடுத்தேன்.

பிளாஷ் பயன்படுத்தவில்லை. 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலமாகத் திறந்து, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200-க்கு உயர்த்தினேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு அது போதுமாக இருந்தது. இந்த மாதிரி இடங்களில் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர்தான் மரியாதை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்போது படம் எடுக்கிறோம் என்று வீட்டுக்காரர்களின் காதில் விழ வேண்டும். எல்இடி சீரியல் விளக்கு இருந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகளும் விழும். அதனால் 'க்ளிக்' சத்தம் கேட்கும் மெக்கானிக்கல் ஷட்டரையே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்தையும் திரையில் காட்டினேன். வேண்டாம் என்றதை அங்கேயே அழித்தேன். கோப்புகளில் இருந்த, படம் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கினேன்.

பிரிண்ட் போட்டு எடுத்துப்போனபோது, எனக்கு மிகவும் பிடித்திருந்த படத்தைப் பாட்டி தனியே ஒதுக்கி வைத்தார். அதில் பூக்கள் லேசாக வாடியிருந்தன. வாடிய பூவோடு சாமியை யாருக்கும் காட்டக் கூடாது என்றார். கேமராத் திரையில் எனக்கும் தெரியாத வாட்டம் அது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

பின்னர் ஒருவர் மீதிப் படங்களில் ஒன்றைக் காலண்டருக்குக் கேட்டார். பாட்டி ஒப்புக்கொண்டது கண்காட்சிக்கு மட்டும்தான் என்பதால் மகளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, பாட்டி வேண்டாம் என்கிறார் என்று பதில் வந்தது. கேட்டவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.