பந்தலூர் மழையில் ஒரு கைப்பிள்ளைக்காரி

நீலகிரியில் குடியேறிய கதை என்றால் எல்லாரும் முதலில் குளிரைத்தான் கேட்கிறார்கள். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பந்தலூர்க் குளிர் ஒரு குளிரா? அந்த ஊர் ஆறாயிரம் அடி உயரம், இது ஏறக்குறைய அதில் பாதி. எங்களை ஆட்டிவைத்தது மழை. ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடிகிறவரை வானம் வெளுக்காது. அதுவும் கையில் பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 1964-இல் போட்ட சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களைப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மாமியார் இலங்கைக் கணக்கில் விழுந்தார், நாங்கள் இந்தியக் கணக்கில். 1977-இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு இனி இங்கே வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, கடைசியில் பந்தலூரை அடுத்த கொளப்பள்ளிப் பக்கம் வந்து சேர்ந்தோம். எங்களைப் போல் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழக அரசு 1968-இல் இந்த மலைகளில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. அதுதான் பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, சின்னவன் கைப்பிள்ளை.

தேயிலைதானே, தெரிந்த வேலைதானே என்று வந்தோம். மலையில் போய் நின்ற பிறகு எல்லாம் தெரிந்ததுதான். மலைக்குப் போய்ச் சேருமுன் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் புதுசு.

அங்கே இலங்கையில் நான் எழும்போது மாமியார் அடுப்பு மூட்டி ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை சிணுங்கினால் தூக்கக் கை இருந்தது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டதும், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா என்கிற தோட்டத்துக் காப்பகத்தில் கொண்டு விடுவதும் அவர்தான். அவரோடு சண்டை போடாத நாள் குறைவு, அது வேறு விஷயம். இங்கே வந்து நாலரை மணிக்கு ஒரு பக்கம் அடுப்பு புகைய, மறு பக்கம் சின்னவன் கத்தும்போதுதான் அவர் அங்கே எத்தனை வேலையைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிள்ளையைத் தூக்குவார், கொஞ்சுவார். பிள்ளை நனைத்த துணியைத் தொடமாட்டார். அந்தக் காலத்து ஆம்பளை.

வந்த புதிதில் ஒரு விடியற்காலை, பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்கா, இலங்கைப் பதுளையிலிருந்து வந்ததால் பதுளை அக்கா, கதவை ஒருக்களித்து, "ஏ புள்ள, கீழ யானை நிக்குது, உள்ள போ" என்றார். எங்கள் தோட்டத்தில் அட்டைக்கும் குளவிக்கும் பயந்திருக்கிறோம். யானைக்குப் பயந்து யார் இருந்தார்கள்? நன்றாக வெளிச்சம் வராமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது இந்த ஊர் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். அப்புறம் காலை வேலையில் பாதியை முதல் நாள் சாயங்காலத்துக்கே மாற்றிக்கொண்டேன். தண்ணீர் பிடித்து மூடி வைப்பது, விறகை அடுப்பு மேல் பரணில் காயப் போடுவது, மூத்தவளின் தலையைப் பின்னி விடுவது எல்லாம் ராத்திரியே முடிந்துவிடும்.

முடியாதது துணிதான். டயப்பர் எல்லாம் அப்போது ஏது? பழைய வேட்டியும் சேலையும் கிழித்த துணிகள். துவைத்துப் போட்டால் மூன்று நாள் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். அக்காதான் வழி காட்டினார். சட்டியில் தணலை அள்ளி, அதன் மேல் சாம்பலைப் போர்த்தி, பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரிக்க வேண்டும். சாம்பல் குறைந்தால் மூங்கில் கருகும், கூடினால் துணி காயாது. காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரியாது, கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள். துணியை உதறிக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பேன். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கன்னம் சொல்லிவிடும். சின்னவன் அந்த மழைக்காலம் முழுக்கப் புகைவாசமாகவே இருந்தான். சாம்பிராணிச் செலவு மிச்சம்.

பால் கொடுப்பதற்குச் சட்டம் இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்தால் தோட்டத்தில் பிள்ளைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு முறை தாய்க்குப் பால் கொடுக்க இடைவேளை விடச் சொன்னது. நல்ல சட்டங்கள்தான். எழுதியவர்கள் மட்டும் மலை ஏறி இறங்காதவர்கள். எந்த நம்பர் மலையில் கொழுந்து என்பது காலையில் பெரட்டில்தான் தெரியும். காப்பகத்துக்குப் பக்கத்து மலை என்றால் அன்றைக்குச் சின்னவனுக்கு யோகம். ஓடைக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போய் வரும் நடையிலேயே இடைவேளை தீர்ந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் மார்பு கட்டி, ரவிக்கை நனைந்து, மழை ஈரமும் பால் ஈரமும் ஒன்றாகிவிடும். எடுக்கிற கொழுந்தின் எடை வேறு குறையக் கூடாது.

பதுளை அக்கா காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விடிந்தது. பிள்ளையைத் துண்டில் கட்டி அவர் பாதி வழி இறங்குவார், நான் பாதி வழி ஏறுவேன். ஓடைப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து, காலில் அட்டை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே கொடுப்பேன். அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றபடி தோட்டத்துக் கதை முழுவதையும் சொல்லி முடிப்பார். யார் வீட்டில் சண்டை, யாருக்கு இலங்கையிலிருந்து காகிதம் வந்தது என்று எல்லாம் எனக்கு அந்தப் பாறையில்தான் தெரியும். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை. வெற்றிலை மட்டும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில், சின்னவனுக்குப் பால்வாடியில் மத்தியானச் சோறு. காலையில் எனக்கு ஒரு உலை குறைந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன அரசியல் பேசினாலும் பேசட்டும், எனக்கு அது அரைமணி நேரத் தூக்கம்.

இப்போது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சின்னப் பெண்கள் அதிகம் இல்லை. திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். என் பேத்தியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பிரசவத்துக்கு இங்கே வந்தாள். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதில் 26 வாரம் சம்பளத்தோடு லீவாம். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவள் கம்பெனியிலேயே காப்பகம் இருக்கிறதாம். பால் கொடுக்க எவ்வளவு தூரம் நடக்கணும் என்று கேட்டேன்.

"ஒரு மாடி இறங்கினா போதும் அம்மாயி."

சரி, போய் வா என்று சொல்லிவிட்டேன்.