சிஸ்டம் சொல்லுது

"இதை நீ சொல்றியா, சிஸ்டம் சொல்லுதா?"

முதலாளி கேட்டது இவ்வளவுதான். "சிஸ்டம்தான் சொல்லுது, போஸ்" என்றேன். பினாங்கு பிறையில் உள்ள எங்கள் கிடங்கின் மாடி அறையில் நடந்த இந்தப் பேச்சுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாகான் டத்தோவிலிருந்து பல வருடங்களாக எங்களுக்குத் தேங்காய் கொடுத்துவந்த அண்ணனின் வியாபாரம் அதோடு முடிந்தது.

திரையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு. பவர் பிஐ என்ற டேட்டா மென்பொருளில் சப்ளையர்களுக்கு மதிப்பெண் போடும் அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான். நேரத்துக்கு வருவதற்கு 40, விலைக்கு 35, கழிவுக் காய்க்கு 25. இந்த 40-ஐ எந்த ஏஐயும் கண்டுபிடித்துத் தரவில்லை. ஒரு மத்தியானம் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டே நான் போட்டது.

நான் ஒன்றும் அசட்டையான ஆள் இல்லை. 2025-க்கான தேங்காய்த் தேவையை, அதைக் கணிக்கும் மாடல் ஜனவரியில் உச்சமாகக் காட்டியபோது பிடித்ததும் நான்தான். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. பழைய விற்பனையை மாதக்கணக்கில் படித்த மாடலுக்கு, ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் நாள் எப்படித் தெரியும்? திருவிழாத் தேதிகளைத் தனியாக ஊட்டினேன். சிதறுகாய்க்குத் தட்டுப்பாடு வரவில்லை. அதற்குப் பிறகு திரையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று போஸ் நம்பினார். நானும்தான்.

'வந்த நேரம்' என்ற கட்டம் எங்கிருந்து நிரம்புகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

கணக்கு முடிக்க வந்த அண்ணன் சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து கசங்கிய டெலிவரி ஆர்டர்களை எடுத்து மேசையில் நீவி வைத்தார். "தம்பி, உங்க வாசல் காவலாளி சைன் போட்ட நேரத்தைப் பாருங்க." 6.20, 6.35, 6.40. எல்லாம் காலை. சிஸ்டத்தில் அதே நாட்களுக்கு மாலை நாலுக்கு மேல். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி காகிதங்களைச் சேர்த்து வைத்து, சாயங்காலம் மொத்தமாகத் தட்டும் நேரம் அது. எல்லா சப்ளையருக்கும் அதே கிராணிதானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுத்திருந்த கெடு மாலை ஐந்து. அவருக்குக் காலை எட்டு.

போஸிடம் சொன்னேன். "டேட்டாவில் சின்னப் பிரச்சினை" என்று சொன்னேன். அதற்குள் புதியவரின் லோரி வர ஆரம்பித்துவிட்டது, காய்க்குப் பத்து காசு குறைவு. அதைப் பார்த்தால் முடிவு தப்பு என்றும் சொல்ல வரவில்லை. ஒருவேளை விலைக்காகவே அவரை எப்படியும் மாற்றியிருப்பார்களோ? அப்படியென்றால் அன்று போஸ் என்னிடம் எதற்குக் கேட்டார்?

கட்டத்தின் தலைப்பைப் 'பதிவான நேரம்' என்று மாற்றி வைத்தேன். இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.