இன்டெக்ஸ் மாறும் நாட்கள்

ஜூன் 4, ஹட்டன்

எங்கள் ஆவணக் காப்பகத்தின் தேடலில் 'கொட்டகலை' என்று ஊர்ப்பெயரை இட்டால் சில தோட்டப் பதிவேடுகள் வருவதே இல்லை. சிலருடைய தட்டச்சு முறை 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே யுனிகோட் குறியாகவும், வேறு சிலருடையது ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதிந்திருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடலுக்குச் சொல்லும் இன்டெக்ஸுக்கு அவை வெவ்வேறு சொற்கள். பொகவந்தலாவைக்கும் நோர்வூட்டுக்கும் இதே கதி. எழுத்துகளை ஒரே வடிவாக்கும் விதியை இப்போது சேர்த்தாலும், ஏற்கெனவே ஏறிய பக்கங்கள் தாமாகத் திருந்தா. முழுவதையும் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும். அதுவரை தேடல் ஒரு கணமும் நிற்கக் கூடாது.

ஜூன் 5

மழை. புதிய இன்டெக்ஸைக் கூடுதல் ஷார்ட்களுடன், அதாவது பிரித்துவைக்கும் துண்டுகளுடன், உருவாக்கினேன். பழையதிலிருந்து இதற்குப் பக்கங்களை நகலெடுப்பது முடியும்வரை ரெப்ளிக்கா, அதாவது அத்துண்டுகளின் மறுபிரதி, இல்லை.

ஜூன் 6

உறக்கம் வரவில்லை. இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டு செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தன் பாட்டி எழுதிய குடியுரிமை விண்ணப்பத்தைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்குமாறு ஒரு பெண் கேட்டிருக்கிறார். நகலெடுப்பு நடக்கும்போதே அதை நீக்க வேண்டும். புதிதாக வருபவை, திருத்தப்படுபவை பற்றி எனக்குக் கவலையில்லை. அவை இரண்டு இன்டெக்ஸ்களிலும் எழுதப்படுகின்றன, நகலெடுப்பும் ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதாது. நீக்கம் அப்படியல்ல. நகலெடுப்பு தொடங்கிய நேரத்து நிலையையே எங்கள் தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சேர்ச் வாசித்துக்கொண்டு போகிறது. ஆகவே இன்று நீக்கிய பக்கத்தை நாளை அது புதிய இன்டெக்ஸில் மீண்டும் உயிர்ப்பித்து வைக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கூடும் பதிப்பு எண்ணை நம்பலாமென்றால், நீக்கப்பட்ட ஆவணத்தின் எண்ணை அது இயல்பாக 60 வினாடிகளே நினைவில் வைத்திருக்கும். நீக்கங்கள் அனைத்தையும் தனியே குறித்துவைத்து, நகலெடுப்பு முடிந்தபின் மறுபடி நீக்குவதே எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான வழி.

ஜூன் 7

பகலில் நகலெடுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டேன், தேடுபவர் காத்திருக்கலாகாது.

ஜூன் 9

இரண்டு இன்டெக்ஸ்களும் ஒரே வட்டுகளில் இருப்பதால் இடம் வேகமாக நிரம்புகிறது. ஒரு சர்வரின் வட்டு 85 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சர்வருக்குப் புதிய ரெப்ளிக்காக்கள் ஒதுக்கப்படமாட்டா. 95 சதவீதத்தில் எழுதுவதே தடுக்கப்படும். பழைய பதிவுக் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றினேன். மின்வெட்டு, தொலைபேசியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

ஜூன் 10

நகலெடுப்பு முடிந்தது. குறித்துவைத்த நீக்கங்களை ஓட்டினேன். அந்தப் பாட்டியின் பெயரைத் தேடினேன்; வரவில்லை. இரண்டு விதமாகவும் தட்டச்சு செய்து மறுபடி தேடினேன்.

ஜூன் 11

ரெப்ளிக்காக்கள் ஏறிவிட்டன. மக்கள் தேடும் சொற்களையே புதிய இன்டெக்ஸுக்கும் அனுப்பி விடைகளை ஒப்பிடுகிறேன். தரவு இன்னும் நினைவகத்தில் ஏறாத சர்வர்களில் முதல் தேடல்கள் தாமதித்தன, பிறகு சரியாயின. 'கொட்டகலை' இப்போது முழுமையாக வருகிறது. எத்தனை பேர் இந்தப் பதிவேடுகள் இல்லையென்றே எண்ணித் திரும்பிப் போயிருப்பார்கள்!

ஜூன் 12

தேடல்கள் எந்த இன்டெக்ஸுக்குப் போக வேண்டும் என்று சுட்டும் மாற்றுப்பெயரைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்க்கும் இரண்டு கட்டளைகளையும் ஒரே கோரிக்கையில் அனுப்பினேன். எந்தத் தேடலும் தவறவில்லை. பழைய இன்டெக்ஸை இன்னும் அழிக்கவில்லை. ஏதேனும் தவறாகிப்போனால் திரும்பும் வழி அதுதான். அதை அழிக்கும்வரை ஒவ்வொரு நீக்கமும் இரண்டிலும் நிகழ வேண்டும். பாட்டியின் பக்கத்தைப் பழையதிலும் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.