இரவு ஷிஃப்ட் நிற்கப்போகுதாம்

மே 6, 2025, லண்டன்

விடிய வேலை முடிகிற நேரம் எல்லோரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள். இரவு ஷிஃப்டை மூடுவதாக யோசனையாம். அறுபது பேரில் 24 பேர் தேவைக்கு மேலதிகமாம். ஆளுக்கொரு கடிதம்: உங்கள் வேலை ஆபத்தில் இருக்கிறது. பொதி கட்டும் லைனில் நிற்கும் அண்ணை நேரே போய் லொக்கரைக் காலியாக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, இன்னும் ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை. பேச்சு தொடங்குறதுக்கான கடிதம்தான் இது."

"எல்லாம் முடிவெடுத்துப்போட்டுத்தான் தம்பி கூப்பிடுவாங்கள்."

அனுபவத்தில் சொல்கிறார். ஆனால் முடிவெடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்பதை இங்கத்தைச் சட்டம் கலந்தாலோசனையாகவே எடுக்காது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மே 8

யூனியன் இல்லாத இடம். அப்படியென்றால் தொழிலாளர் தங்களுக்குள்ளேயே பிரதிநிதிகளைத் தெரிய வேண்டும். எனக்கும் வாக்கு விழுந்துவிட்டது. 90 நாளுக்குள் 20 பேர் அல்லது அதற்கு மேல் நிற்பாட்டுவதென்றால், முதலாவது ஆள் வெளியேறக் குறைந்தது 30 நாளுக்கு முன்னமே பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். 100 பேரென்றால் 45 நாள். மனேஜர் "ரெண்டு கிழமையில முடிச்சிடலாம்" என்றார். தேதியை எழுத்தில் கேட்டேன். கதையை மாற்றிவிட்டார்.

மே 15

ரீ பிரேக் முழுக்க றிடண்டன்சிக் காசுக் கணக்கு, அதாவது ஆட்குறைப்பில் வேலை போனால் தரும் இழப்பீடு. அண்ணைக்கு 46 வயது, 11 வருட சேவை, கிழமைச் சம்பளம் 520 பவுண்ஸ். 41 வயதுக்குப் பிறகு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றரைக் கிழமை. 22க்கும் 41க்கும் இடையில் ஒரு கிழமை. அதற்குக் கீழே அரை. அவருக்கு ஐந்து வருடம் ஒன்றரைப்படி, ஆறு வருடம் ஒன்றுப்படி: பதின்மூன்றரைக் கிழமை, 7,020 பவுண்ஸ். அதுக்கு வரி இல்லை. நோட்டீஸ் காலம் 11 கிழமை தனி. அந்தச் சம்பளத்துக்கு வரி உண்டு. சுப்பர்வைசர்மார் கிழமைக்கு 900 எடுத்தாலும் இந்த வருடம், 2025இல், றிடண்டன்சிக் கணக்குக்கு 719 தான் உச்சம்.

தமிழ்ப் பெடியன் ஒருவன், 20 மாதம் வேலை. இரண்டு வருடம் முடியாததால் அவனுக்குச் சட்டப்படி றிடண்டன்சிக் காசு ஒரு சதமும் இல்லை. ஒரு கிழமை நோட்டீஸ் மட்டும். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மே 22

யாரை நிற்பாட்டுவது என்று தெரியப் போட்ட புள்ளித் தாள்கள் இன்று வந்தன. வேலைத் திறன், ஒழுங்கு, வரவு. வரவில் ஒரு தங்கச்சிக்கு மிகக் குறைவு. ஏனென்று பார்த்தால், பிள்ளைப்பேற்று விடுமுறையை வேலைக்கு வராத நாட்களாக எண்ணியிருக்கிறார்கள்! அப்படி எண்ணவே கூடாது. எச்.ஆர். பெண் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். புள்ளி யாருக்கு எவ்வளவு என்பதைவிட, எதை வைத்துப் போட்டார்கள் என்பதைத்தான் துருவ வேண்டும்.

ஜூன் 10

முடிவு வந்தது. தங்கச்சி தங்கிவிட்டா. அண்ணைக்குப் பகல் ஷிஃப்டில் ஃபோர்க்லிஃப்ட் வேலை தர முன்வந்திருக்கிறார்கள். நாலு கிழமை செய்து பார்க்கலாம். உண்மையிலேயே பொருந்தாவிட்டால் அந்த 7,020ஐ வாங்கிக்கொண்டு போகலாம். பொருத்தமான வேலையைக் காரணமில்லாமல் தட்டினால்தான் காசு போகும். "முதுகு தாங்குமோ பார்ப்பம்" என்கிறார்.

பெடியனுக்கு நோட்டீஸ். சி.வி. எழுத ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.