மூன்றாவது தையல் மெஷின்

சரி, சொல்லிவிடுகிறேன், இன்னொரு பழைய சிங்கர் வாங்கிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் எடை போடப் போன கால் மிதி மெஷின், சீரியல் நம்பர் ஆங்கில ‘E’யில் ஆரம்பிக்கிறது, அதாவது ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலையை 1980இலேயே மூடிவிட்டார்கள், மெஷின் மட்டும் இங்கே வந்து நிற்கிறது.

கொண்டுவந்த அன்று வீல் அசையவே இல்லை. யாரோ புண்ணியவான் வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார், உள்ளே எல்லாம் மஞ்சள் பிசினாக இறுகிக் கிடந்தது. (தலைக்கு வைக்கிற எண்ணெயை மெஷினுக்கு விடாதீர்கள் ஐயா!) இரண்டு நாள் மண்ணெண்ணெயை ஒவ்வொரு ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய பல்துலக்கியால், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சிக்கியிருந்த நூல் பஞ்சைச் சுரண்டி எடுத்து, அப்புறம் மெஷின் ஆயில் போட்டு மெதுவாக ஆட்ட ஆட்ட, மூன்றாம் நாள் காலை ‘டக்’கென்று சுற்றியது. பெல்ட் மட்டும் புதுசு.

ஊசிக்கு அலையவேண்டாம், கடையில் கிடைக்கிற சாதாரண வீட்டு மெஷின் ஊசியே இதற்குப் பொருந்துகிறது. ஜீன்ஸ் மடிப்பை நான்கு அடுக்காக வைத்தேன், திணறாமல் போகிறது. மோட்டார் மெஷின் அதே இடத்தில் முனகும்.

வைக்கத்தான் இடமில்லை. இப்போதைக்கு அதன்மேல்தான் டிவி.